நீர்த்தாவரத் தொட்டிக்கு வீட்டில் ஆக்கும் கரியமில வாயு

பயிருக்கு எருவும் நீரும் இட வேண்டும் என்பதை எல்லோரும் அறிவர். ஆனால் பயிரின் உலர்ந்த எடையில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேலாக விளங்கும் கரியை எவரும் வண்டியில் ஏற்றிச் சென்று வயலில் கொட்டுவதில்லை. அதனைக் காற்றே கரியமில வாயு வடிவில் கொணர்ந்து இலைகளுக்கு அளிக்கிறது. 10,000 பங்கு காற்றில் இவ்வாயு 4 பங்குக்குச் சற்றே கூடுதலாக உள்ளது. அளவு சிறிதேயாயினும், காற்று ஓயாது அசைந்து கொண்டிருப்பதால் நிலத்துத் தாவரங்களுக்கு இவ்வுணவு தட்டுப்படுவதில்லை.

நீரில் மூழ்கி வளரும் தாவரங்களின் நிலை வேறு. வாயுக்கள் நீரினூடே பரவும் வேகம், காற்றினூடே பரவும் வேகத்தில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கேயாகும். மேலும், 25 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில் வெளிக்காற்றோடு சமநிலை எய்திய நீரில், லிட்டருக்குச் சுமார் 0.6 மில்லிகிராம் கரியமில வாயுவே கரைந்திருக்கும். ஆறுகளிலும் குளங்களிலும் மட்கும் பொருள்களும் ஊற்று நீரும் இக்குறையை ஓரளவு ஈடு செய்கின்றன. கண்ணாடித் தொட்டியில் அத்தகைய ஆதாரம் மிகக் குறைவு. பிரகாசமான விளக்கின் கீழ் நெருக்கமாக நட்ட தாவரங்கள், இருக்கும் வாயுவை விரைவில் தீர்த்துவிட்டுப் பின்னர் பட்டினி கிடக்கின்றன. இலைகள் சிறுத்து வெளிறிப் போகின்றன; அவற்றின்மேல் பாசி படர்கிறது.

இக்குறையைப் போக்கச் சிலர் அழுத்தப்பட்ட வாயு நிரம்பிய உருளைகளை அமைக்கின்றனர். அதற்கான செலவை ஏற்க இயலாத பள்ளிகளும் வீடுகளும் சர்க்கரை, ஈஸ்ட், வெறும் குளிர்பான பாட்டில் ஆகியவற்றைக் கொண்டே வாயுவை ஆக்கிக் கொள்ளலாம். அதை ஆக்குவது எளிது. ஆண்டு நடத்துவதே கருத்தைக் கோருவது. அளவு மிஞ்சினால் தாவரங்களை வளர்க்க வந்த வாயுவே ஒரே இரவில் மீன்களை மாய்த்துவிடக் கூடும்.

முன்னோர் கண்ட உண்மைகள்

1850-ஆம் ஆண்டில் லண்டன் ரசாயன அறிஞர் ராபர்ட் வாரிங்டன், பொன்மீன்கள் இரண்டையும் வாலிஸ்நேரியாச் செடியையும் நத்தைகளையும் ஒரே தொட்டியில் வைத்து வளர்த்த முறையை அந்நகரத்து ரசாயனச் சங்கத்திற்கு அறிவித்தார். மீன்கள் விடும் கரியமில வாயுவைச் செடி ஏற்கிறது. செடி விடும் பிராணவாயுவை மீன்கள் ஏற்கின்றன. அழுகும் இலைகளை நத்தைகள் தின்று தீர்க்கின்றன. உயிர்களுக்கிடையே நிலவும் இக்கொடுக்கல் வாங்கலே மீன் தொட்டிக் கலையின் அடிப்படையாகும்.

1905-இல் ஆங்கிலத் தாவரவியலாளர் பிளாக்மன் மற்றோர் உண்மையைத் தெளிவுபடுத்தினார். ஒளி, கரியமில வாயு, உஷ்ணம் ஆகியவற்றுள் எது மிகக் குறைவாக உள்ளதோ அதுவே ஒளிச்சேர்க்கையின் வேகத்தை வரையறுக்கிறது. ஒளி மங்கிய தொட்டியில் வாயுவை எவ்வளவு ஊட்டினும் பயனில்லை.

நம் நாட்டில் ஜகதீச சந்திர போஸ், ஹைட்ரில்லா விடும் பிராணவாயுக் குமிழிகளைத் தானாகவே பதிவு செய்யும் கருவி ஒன்றை அமைத்து ஒளிச்சேர்க்கையை ஆராய்ந்தார். அம்முடிவுகள் 1924-இல் நூலாக வெளிவந்தன. கோடையில் வளரும் ஹைட்ரில்லா, கரியமில வாயுவைக் கையாளும் வகையில் குளிர்காலத்து ஹைட்ரில்லாவினின்றும் வேறுபடுகிறது என்பதையும் அவர் குறித்துள்ளார். வாயு அருகிய நீரிலும் பிழைத்து வளரும் திறன் அச்செடிக்கு உண்டு என்பது பின்னாளைய ஆராய்ச்சிகளால் உறுதியாயிற்று.

தேவையா என்பதை முதலில் ஆராய்தல்

மேற்கூறியவற்றிலிருந்து ஒரு முடிவு பெறப்படுகிறது. எல்லாத் தொட்டிகளுக்கும் வாயு ஊட்டம் வேண்டியதில்லை. ஹைட்ரில்லாவும் வாலிஸ்நேரியாவும் நீரில் கரைந்துள்ள பைகார்பனேட்டிலிருந்தும் கரியைப் பெற வல்லவை. மெல்ல வளரும் கிரிப்டோகோரைன் வகைகள் குறைந்த ஒளியிலும் குறைந்த வாயுவிலும் நிறைவடைகின்றன. இத்தகைய செடிகள் மட்டும் உள்ள தொட்டியில் வாயு பாட்டிலை இணைப்பது வீண் வேலையாகும். ஒளி மிகுந்து, விரைவில் வளரும் தண்டுச் செடிகள் அடர்ந்து, இதர சத்துக்களும் போதிய அளவில் இருக்கும் தொட்டிக்கே இம்முறை பயன் தரும்.

ஈஸ்ட் பாட்டிலை அமைத்தல்

ஈஸ்ட் என்பது நுண்ணிய காளான் வகை. பிராணவாயு இல்லாத நிலையில் அது சர்க்கரையைச் சிதைத்து ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் தருகிறது. ஆப்ப மாவு பொங்குவதும் ரொட்டி உப்புவதும் இவ்வாயுவினாலேயே.

சுமார் 40 லிட்டர் கொள்ளும் தொட்டிக்கு, 2 லிட்டர் கொள்ளும் பிளாஸ்டிக் குளிர்பான பாட்டில் ஒன்று போதும். இப்பாட்டில்கள் வாயுவின் அழுத்தத்தைத் தாங்குமாறே செய்யப்பட்டவை. கண்ணாடிப் பாட்டிலை எக்காரணத்தாலும் பயன்படுத்தலாகாது. அது வெடித்தால் சிதறும் சில்லுகள் கண்ணைப் போக்கிவிடும். பாட்டிலில் 200 கிராம் சர்க்கரையை இட்டு, ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் கரைக்க வேண்டும். கரைசல் ஆறியபின் கால் தேக்கரண்டி உலர்ந்த ஈஸ்ட் சேர்க்க வேண்டும். நுரை பொங்குவதற்கு மேலே இடம் விட்டே நிரப்புதல் அவசியம்.

மூடியில், ஏர் ட்யூபின் பருமனைவிடச் சற்றுச் சிறிய துளை இட்டு, ட்யூபின் முனையைச் சரிவாக வெட்டி இழுத்துச் செருகினால் வாயு கசியாது. ட்யூப் நேரே தொட்டிக்குச் செல்லலாகாது. இடையில் பாதியளவு நீர் நிரம்பிய சிறிய பாட்டில் ஒன்றை வைத்து, வாயுவை அந்நீரினூடே குமிழியிடச் செய்து, பின்னரே தொட்டிக்குக் கொண்டு செல்ல வேண்டும். பொங்கி வரும் நுரையையும் ஈஸ்டையும் இந்த இடைப் பாட்டில் தடுத்து நிறுத்தும். அவை தொட்டியில் கலந்தால் பாக்டீரியாக்கள் பெருகி நீர் பால் போல் கலங்கும். நீரிலுள்ள பிராணவாயுவும் குறையும். இடைப் பாட்டிலுக்கும் தொட்டிக்கும் நடுவே ஒருவழி வால்வு ஒன்றையும் இணைத்தல் வேண்டும். இல்லையேல், நொதித்தல் ஓய்ந்த பின்னர் தொட்டி நீர் ட்யூப் வழியே கீழிறங்கித் தரையெங்கும் பெருகும்.

தொட்டிக்குள் வாயு பெரிய குமிழிகளாக வெளிப்பட்டால் கரையுமுன்னரே மேலெழுந்து போய்விடும். நுண்துளைகள் கொண்ட பீங்கான் வில்லை வழியாக அதைச் செலுத்தலாம். அன்றி, சிறு கண்ணாடிக் கிண்ணம் ஒன்றை நீருக்குள் கவிழ்த்து வைத்து, அதனடியில் வாயுவைத் தேங்கச் செய்தாலும் அது சிறிது சிறிதாகக் கரையும். கவிழ்த்த கிண்ணத்தால் ட்யூபில் எதிர்ப்பு அழுத்தம் மிகுவதில்லை. ஆதலால் புதிதாகத் தொடங்குவோருக்கு அதுவே ஏற்றது.

ஒரு சிறு கணக்கு

கணக்கிட்டுப் பார்த்தால் இம்முறையின் பலமும் அபாயமும் ஒருங்கே விளங்கும். 200 கிராம் சர்க்கரை முழுதும் நொதித்தால் சுமார் 103 கிராம் கரியமில வாயு உண்டாகும். அறையின் உஷ்ணத்தில் அதன் கன அளவு ஏறத்தாழ 57 லிட்டர். இது 14 நாள்கள் சீராக வெளிப்படுவதாகக் கொண்டால், நாளொன்றுக்கு 4 லிட்டர், அதாவது 7 கிராமுக்குச் சற்று அதிகம்.

தாவரங்களுக்கு வேண்டிய அளவோ லிட்டருக்கு 20 முதல் 30 மில்லிகிராம் வரையே. 40 லிட்டர் நீரை 25 மில்லிகிராம் நிலைக்கு உயர்த்த 1 கிராம் வாயு போதும். ஒரு நாளில் பாட்டில் தரும் வாயு முழுவதும் நீரில் கரைந்து அங்கேயே தங்குமாயின், லிட்டருக்கு 180 மில்லிகிராம் வரை ஏறும். அந்நீரில் மீன்கள் பிழைத்திருத்தல் அரிது.

அவ்வாறு நேராமல் காப்பன யாவை? குமிழிகளில் பெரும்பகுதி கரையாமல் மேலேறிப் போய்விடுகிறது. கரைந்ததில் ஒரு பகுதி நீர்ப்பரப்பின் வழியாக ஓயாமல் வெளியேறுகிறது. பகலில் தாவரங்களும் ஒரு பகுதியை எடுத்துக் கொள்கின்றன. ஆகவே, வரவுக்கும் செலவுக்கும் உள்ள வித்தியாசமே தொட்டியின் நிலையைத் தீர்மானிக்கிறது. பாட்டிலில் எத்தனை குமிழிகள் எழுகின்றன என்பது வரவை மட்டுமே காட்டும். நீர்ப்பரப்பில் எண்ணெய்ப் படலம் படர்ந்தாலோ, நீரை அசைக்கும் பம்பு நின்றாலோ செலவு குன்றும். வரவு மாறாதிருந்தும் வாயு குவியத் தொடங்கும்.

இரவின் அபாயம்

உருளையிலிருந்து வரும் வாயுவை விளக்கு அணையும் வேளையில் வால்வைத் திருகி நிறுத்திவிடலாம். ஈஸ்டுக்கு இரவும் பகலும் ஒன்றே. அது விடிய விடிய வாயுவை விட்டுக் கொண்டிருக்கும். அதே வேளையில் தாவரங்கள் ஒளிச்சேர்க்கையை நிறுத்திவிட்டு, மீன்களைப் போலவே பிராணவாயுவை ஏற்றுக் கரியமில வாயுவை விடுகின்றன. பகலில் வாயுவைச் செலவழித்த செடிகளே இரவில் அதை மேலும் பெருக்குகின்றன. ஆதலால் தொட்டியில் கரியமில வாயு மிகுந்தும் பிராணவாயு குறைந்தும் இருக்கும் வேளை, விடியற்காலையேயாகும்.

கரியமில வாயு மிகும்போது மீனின் இரத்தம் பிராணவாயுவைப் பற்றிக் கொள்ளும் ஆற்றலும் குன்றுகிறது. எனவே இரண்டு தீங்குகள் ஒருங்கே வந்து சேருகின்றன.

இரவில் ட்யூபை மடித்துக் கட்டியோ கிளிப்பு இட்டோ வாயுவைத் தடுத்தல் பெருந்தவறு. உள்ளே அழுத்தம் ஏறிப் பாட்டில் வெடிக்கவோ மூடி பிய்த்துக் கொண்டு பறக்கவோ நேரும். அதற்கு மாறாக, ட்யூபின் இடையே ‘டி’ வடிவ இணைப்பு ஒன்றைப் பொருத்தி, அதன் ஒரு கிளையைச் சிறு வால்வுடன் வெளிக்காற்றில் விட வேண்டும். விளக்கு அணைந்ததும் அவ்வால்வைத் திறந்தால், நீரின் தடையில்லாத அவ்வழியே வாயு வெளியேறிவிடும். ஒரு மனிதர் ஒரு நாளில் ஏறத்தாழ 1 கிலோகிராம் கரியமில வாயுவை மூச்சில் விடுகிறார். அதனோடு ஒப்பிட, பாட்டில் விடும் 7 கிராம் காற்றோட்டமுள்ள அறையில் பொருட்படுத்தத் தக்கதன்று.

இரவு முழுவதும் ஏர் பம்பை இயக்குவதும் நன்று. காற்றுக் குமிழிகள் நீர்ப்பரப்பை அலைத்து, மிகையான வாயுவை வெளியேற்றிப் பிராணவாயுவை உட்சேர்க்கின்றன. ஆனால் அதனை மட்டும் நம்பியிருத்தல் தகாது. மின்சாரம் தடைப்பட்டால் பம்பு நின்றுவிடும், ஈஸ்ட் நிற்காது.

நிறம் காட்டும் அளவு

கரியமில வாயுவின் அளவைக் கண்ணால் காணப் புரோமோதைமால் நீலம் என்னும் சாயம் துணை செய்கிறது. காய்ச்சி வடித்த நீர் ஒரு லிட்டரில் 1.2 கிராம் சமையல் சோடாவைத் துல்லியமாக நிறுத்துக் கரைக்க வேண்டும். அக்கரைசலில் 100 மில்லிலிட்டர் எடுத்து, மேலும் 900 மில்லிலிட்டர் வடித்த நீர் சேர்த்தால், 4 ஜெர்மன் டிகிரி காரத்தன்மை கொண்ட அளவுக் கரைசல் கிடைக்கும். அதில் சிறிதளவு எடுத்து, நீல நிறம் நன்கு தெரியும்வரை சாயத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும்.

இக்கரைசலைச் சிறு கண்ணாடிக் குமிழில் இட்டு, குமிழின் வாய் கீழ்நோக்குமாறு தொட்டி நீருக்குள் ஒட்டி வைக்க வேண்டும். கரைசலுக்கும் தொட்டி நீருக்கும் இடையே காற்று வெளி இருத்தல் இன்றியமையாதது. நீரிலுள்ள கரியமில வாயு அவ்வெளியைக் கடந்து கரைசலில் கரைந்து நிறத்தை மாற்றும். நீலம் வாயுக் குறைவைக் காட்டும். தெளிவான பச்சை லிட்டருக்குச் சுமார் 30 மில்லிகிராம் உள்ளதைக் குறிக்கும். மஞ்சள் நிறம் அபாய அறிவிப்பு. மீன்கள் வாழும் தொட்டிக்கு நீலம் கலந்த பச்சையே நிறைவு தரும். அது சுமார் 20 மில்லிகிராமைக் குறிக்கும். நிறம் மாற ஏறத்தாழ 2 மணி நேரம் பிடிக்கும் என்பதையும் மறத்தலாகாது.

பெரும்பாலோர் விளக்கு எரியும் பகற்பொழுதில் நிறத்தைக் கண்டு திருப்தி அடைகின்றனர். விடியற்காலையில், விளக்கு ஏற்றுவதற்கு முன் பார்த்தலே முறை. அப்பொழுதும் மஞ்சள் தோன்றாதிருந்தால் மட்டுமே அளவு சரியானது எனக் கொள்ளலாம். மின்தடையின் விளைவை அறிய, ஒரு நாள் பகலில் விளக்கையும் பம்பையும் நிறுத்தி, வாயுவை மட்டும் ஓடவிட்டு, 4 மணி நேரம் அருகிலிருந்து மீன்களையும் நிறத்தையும் கவனிக்கலாம். மஞ்சள் தோன்றினால், அடுத்த பாட்டிலில் ஈஸ்டைக் குறைக்க வேண்டும் என்பது பொருள்.

சீராக நடத்துதல்

வாயு வெளிப்படும் வேகம் ஈஸ்டின் அளவையும், நீடிக்கும் காலம் சர்க்கரையின் அளவையும் பெரிதும் பொறுத்தவை. ஈஸ்டை மிகுத்து இடுவோர் முதல் இரண்டு நாள்கள் வெள்ளமாகவும் பின்னர் வறட்சியாகவும் வாயுவைப் பெறுவர். இவ்வேற்றத்தாழ்வு பாசிக்கே சாதகமானது. இரண்டு சிறு பாட்டில்களை அமைத்து, ஒன்றைத் தொடங்கி ஒரு வாரம் கழித்து மற்றதைத் தொடங்கி, வாரத்திற்கு ஒன்றாக மாற்றி வந்தால் வரவு ஏறக்குறையச் சமமாகும்.

உஷ்ணமும் இதில் பங்கு கொள்கிறது. வட மாநிலங்களின் கடுங்குளிரில் நொதித்தல் மந்தமாகிச் சில இரவுகளில் நின்றுபோகும். கோடையில் அதே கலவை ஒரு வாரத்திற்குள் தீர்ந்துவிடும். அன்றியும், 20 டிகிரி உஷ்ணத்தில் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் பிராணவாயுவைக் கொள்ளும் நீர், 30 டிகிரியில் 7.6 மில்லிகிராமே கொள்ளும். ஈஸ்ட் வேகமாக உழைக்கும் பருவமே, மீன்களுக்குப் பிராணவாயு குறையும் பருவமுமாகும். ஆகையால் கோடையில் ஈஸ்டைப் பாதியாகக் குறைத்தல் விவேகம்.

சமையல் சோடாவையும் சிட்ரிக் அமிலத்தையும் கலந்து வாயு பெறும் முறையும் வழக்கில் உள்ளது. இது உஷ்ணத்தை அதிகம் சார்ந்ததன்று. நினைத்தபோது நிறுத்தவும் இயலும். ஆனால் இவ்விரண்டும் சேர்ந்த மாத்திரத்தில் பெருமளவு வாயு எழுவதால் பாட்டிலில் அழுத்தம் மிக விரைவாக ஏறும். அழுத்தமானியும் காப்பு வால்வும் பொருந்திய உலோகத் தலைப்பு இல்லாமல் இதனை மேற்கொள்ளுதல் ஆகாது.

மீன்கள் தரும் எச்சரிக்கை

மீன்கள் நீர்ப்பரப்பில் கூடி வாயைத் திறந்து திறந்து மூடுதல், செவுள்கள் விரைந்து துடித்தல், சோர்ந்து ஒருபுறம் சாய்தல் ஆகியவை வாயு மிகையின் அறிகுறிகள். உடனே வாயு ட்யூபைத் தொட்டியிலிருந்து அகற்றி, பம்பை இயக்கி, குளோரின் நீங்கிய நீரால் தொட்டி நீரில் மூன்றில் ஒரு பங்கை மாற்ற வேண்டும். மின்சாரம் இல்லையெனில், ஒரு குவளையால் நீரை மொண்டு ஒரு சாண் உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஊற்றினாலும் பயன் உண்டு.

நீரின் அமிலத்தன்மை மிகுந்திருப்பதைக் கண்டு, சிலர் தொட்டியிலேயே சமையல் சோடாவைக் கரைக்கின்றனர். அதனால் அமிலத்தன்மை மாறுமே அன்றிக் கரைந்துள்ள கரியமில வாயு வெளியேறாது. மீனின் துன்பம் அப்படியே இருக்க, அளவுகோல் மட்டும் பொய் சொல்லும். கௌராமி, பனையேறிக் கெண்டை போன்றவை வெளிக்காற்றையும் சுவாசிக்க வல்லவை. அவை நலமாயிருப்பதைக் கொண்டு மற்ற மீன்களும் நலம் என எண்ணிவிடக் கூடாது.

வகுப்பறையில்

ஆசிரியர்களுக்கு இச்சாதனம் பல பாடங்களை ஒருங்கே தருகிறது. இடைப் பாட்டிலில் தெளிந்த சுண்ணாம்பு நீரை இட்டால் அது பால் போல் வெளுப்பதைக் காட்டி, வாயு இன்னதென மெய்ப்பிக்கலாம். ஒரே அளவுள்ள இரண்டு கண்ணாடி ஜாடிகளில் ஒரே வகைச் செடியை நட்டு, மீன் இல்லாமல், ஒன்றுக்கு மட்டும் வாயு ஊட்டி, ஒரு மாதம் தண்டின் நீளத்தை அளந்து எழுதச் செய்யலாம். காலை, நண்பகல், மாலை ஆகிய மூன்று வேளையும் நிறக் குமிழைக் கண்டு குறித்து வந்தால், செடிகளின் உணவும் மூச்சும் மாணவர்க்கு எண்களாகவே புலப்படும்.

எனினும் சில விதிகளை மீறலாகாது. ஈஸ்ட் பாட்டிலை ஆசிரியரே கலக்கவும் திறக்கவும் வேண்டும். நொதித்து முடிந்த நீரில் ஆல்கஹால் இருப்பதால் பாட்டிலின்மீது சீட்டு ஒட்டி, குழந்தைகளின் கைக்கு எட்டாதபடி வைத்துப் பின் வடிகாலில் கொட்ட வேண்டும். தொட்டியில் மிகுந்த செடிகளையும் மீன்களையும் அருகிலுள்ள குளத்தில் விடுதலும் தவறு. புதிய இனங்கள் அங்குள்ள உயிர்களை அழித்துப் பரவக் கூடும். சனி, ஞாயிறு விடுமுறைக்கு முன்னர் மாலையில் வாயு ட்யூபைத் தொட்டியிலிருந்து எடுத்து வெளிக்காற்றில் விட்டுவிட்டே பள்ளியைப் பூட்ட வேண்டும். இரண்டு நாள் வாயுவின்றி இருப்பதால் எச்செடியும் மடிந்துவிடாது. கவனிப்பார் இல்லாத இரண்டு இரவுகளில் தொட்டி முழுவதும் மீனற்றுப் போகலாம்.

சில ரூபாய்ச் சர்க்கரையும் ஒரு சிட்டிகை ஈஸ்டும் நீருக்கடியில் ஒரு தோட்டத்தையே தழைக்கச் செய்யும் என்பது உண்மை. அதனைப் பேணுவோர் செடி தழைப்பதைப் பகலிலும், மீன் மூச்சு விடுவதை விடியலிலும் பார்த்து வருவாராயின், இரண்டும் ஒரே தொட்டியில் நெடுநாள் வாழும்.